திரை இருண்டால் தீர்ப்புக் கூறாதீர்!

வீட்டில் ஒருவருக்குத் தலைவலி வந்தால் தலையை மாற்ற வேண்டுமென்று எவரும் சொல்வதில்லை. கண்ணில் கோளாறோ, வயிற்றில் கோளாறோ, முதல்நாள் இரவு உறக்கம் கெட்டதோ என்று விசாரித்த பின்னரே மருந்தைப் பற்றிய பேச்சு எழும். ஆனால், கணினித் திரையில் நான்கு கோடுகள் தோன்றிவிட்டால் மட்டும், “கிராபிக்ஸ் கார்ட் போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்குங்கள்” என்ற தீர்ப்பு கணப்பொழுதில் வெளியாகிவிடுகிறது. விசாரணையில்லாத தீர்ப்பு நீதிமன்றத்தில் மட்டுமன்றி, நமது மேசையின் மீதும் அநீதியே ஆகும். அந்த அநீதிக்கு அபராதம் செலுத்துவது எப்போதும் குடும்பத்தின் பணப்பைதான்.

நாம் வசிக்கும் பலாபத்வல, மாத்தளை நகரிலிருந்து அலுவிகாரையைக் கடந்து வடக்கே தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியில் உள்ள ஊர். ஐப்பசி மாதத்து மாலை வேளைகளில் இங்கே மழைக்கு முன்னர் இடிதான் வந்து கதவைத் தட்டும். சென்ற ஐப்பசியில் அத்தகையதொரு மாலையில், எமது அயல்வீட்டு முச்சக்கர வண்டிச் சாரதியின் மகள் கையில் குடையும் கண்ணில் நீருமாக எமது வாசலில் வந்து நின்றாள்.

“சேர், கணினி போய்விட்டது. ஒரு வருடமாக எழுதிய குறிப்புகளெல்லாம் போய்விட்டன” என்றாள்.

அவள் உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் மாணவி. நான்கு நாட்களில் பாடசாலையில் கொடுக்க வேண்டிய ஒப்படை ஒன்று அந்தக் கணினிக்குள் இருந்தது. தகப்பனார் இரண்டாம் கையாக வாங்கிக் கொடுத்த, ஏறக்குறையப் பத்து வயதான மேசைக் கணினி அது. காலையில் ஒரு கடைக்காரர் வந்து பார்த்து, கிராபிக்ஸ் கார்ட் பழுதென்றும், வேறொன்று போட இருபத்தையாயிரம் ரூபா ஆகுமென்றும் கூறிச் சென்றிருக்கிறார். தகப்பனாரோ அவளுடைய தனியார் வகுப்புக் கட்டணத்துக்கென ஒதுக்கி வைத்த பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கிவிட்டார்.

நாம் அவளிடம் முதலிற் கூறிய வார்த்தை இதுதான்: “உன் குறிப்புகள் எங்கும் போகவில்லை.”

இதை வாசகர்கள் யாவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். நாம் எழுதியவை தங்கியிருப்பது வன்தட்டில். கிராபிக்ஸ் கார்ட் எனப்படும் வரைகலை அட்டையோ, அவற்றைத் திரையிலே தீட்டிக் காட்டும் சித்திரக்காரன் மாத்திரமே. சித்திரக்காரன் நோயுற்றால் நூலகம் எரிந்துவிட்டதென்று கொள்ளலாகாது. திரை முற்றும் இருண்டு போனாலும், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியிற் பொருத்தி உள்ளிருப்பதைப் படித்துக்கொள்ளலாம்.

அந்தச் சித்திரக்காரனுடைய வேலை இலேசானதன்று. 1981 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தனது முதலாவது தனியாள் கணினியை விற்பனைக்குக் கொண்டு வந்தபோது, எழுத்துகளை மட்டும் காட்டும் அட்டையில் இருந்த நினைவகம் 4 கிலோபைட்; வர்ணம் காட்டும் அட்டையில் இருந்தது 16 கிலோபைட். இன்று சாதாரண வீட்டுத் திரையொன்றில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 எனப் புள்ளிகள் உள்ளன. பெருக்கிப் பார்த்தால் இருபது இலட்சத்துக்கு மேல் வரும். அத்தனை புள்ளிகளுக்கும் உரிய நிறத்தை ஒரு விநாடியில் அறுபது தடவை அனுப்பிக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவு உழைப்பவனுக்கு உடல் சூடேறுவது இயல்பே. அச்சூட்டை வெளியேற்றவே அட்டையின்மீது உலோகத் தகடுகளும் சிறு விசிறியும் அமைத்திருக்கிறார்கள்.

இனி விசாரணைக்கு வருவோம். இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. வெளியிலிருந்து உள்ளே செல்ல வேண்டும். செலவில்லாததைச் செய்து முடித்த பிறகே செலவுள்ளதைத் தொட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால், நோய் நீங்கினாலும் எந்த மருந்தால் நீங்கியதென்று தெரியாது போகும். மாற்றியதையும் கண்டதையும் ஒரு துண்டுக் காகிதத்திற் குறித்து வைப்பது நன்று. எமது மாணவர்கள் இரசாயனக் கூடத்திற் செய்வதும் இதுவன்றோ?

முதலில் திரையையும் வடத்தையும் சோதிக்க வேண்டும். திரையின் விளிம்பிலுள்ள பொத்தானை அழுத்தினால், ஒளியையும் நிறத்தையும் மாற்றுவதற்கான சிறு பட்டியல் ஒன்று தோன்றும். அதைத் திரை தானாகவே வரைகிறது. கணினிக்கு அதிற் பங்கில்லை. ஆகவே அப்பட்டியலும் கோணலாகவும் கோடு விழுந்தும் தோன்றினால் குற்றவாளி திரைதான். பட்டியல் தெளிவாயிருந்தால் வடத்தைக் கழற்றி மீண்டும் இறுகப் பொருத்துக. வேறு வடம் கிடைக்குமாயின் மாற்றிப் பார்க்க. வளைந்த ஒரு சிறு முனை, அட்டையின்மீது வீண்பழி சுமத்தி விடுவதுண்டு.

அடுத்த சோதனை சுவையானது. திரையிற் கோடுகள் தெரியும் வேளையில், விசைப்பலகையின் உதவியால் அத்திரையைப் படமாகச் சேமித்து, அப்படத்தை வேறொரு கணினியிலோ கைபேசியிலோ திறந்து பார்க்க வேண்டும். படத்துக்குள்ளும் கோடுகள் இருந்தால், அது வரையப்படும்போதே கெட்டிருக்கிறது: கோளாறு அட்டையிலோ அதனை இயக்கும் மென்பொருளிலோ உள்ளது. படம் தெளிவாயிருந்தால், வரைந்த பின்னர் வழியிலே கெட்டிருக்கிறது: வடம், திரை, அல்லது அட்டையின் வெளிவாயில் ஆகியவற்றின்மீது ஐயங்கொள்ளலாம். கைபேசியின் கமராவால் திரையைப் படம் பிடிப்பது இதற்கு உதவாது. கணினியே சேமிக்கும் படமே வேண்டும்.

மூன்றாவது, மென்பொருளின் விசாரணை. கணினியை இயக்கியவுடன், இயக்க முறைமை வருவதற்கு முன்னரே, தயாரித்த நிறுவனத்தின் இலச்சினை ஒன்று தோன்றுமல்லவா? அந்த வேளையிலேயே கோடுகளும் சதுரங்களும் தெரிந்தால் வரைகலை மென்பொருள் நிரபராதி; அது இன்னும் விழித்தெழவே இல்லை. இலச்சினை தெளிவாயிருந்து, பின்னர் கெட்டால், கணினியைப் பாதுகாப்பு முறையில் ஆரம்பித்துப் பார்க்க வேண்டும். அம்முறையில் எளிமையான பொது மென்பொருளே திரையை நடத்தும். அங்கே எல்லாம் ஒழுங்காயிருந்தால், அண்மையிற் புதிதாகப் புகுந்த மென்பொருளை நீக்கி, முன்னர் நன்றாக வேலை செய்ததை மீண்டும் நிறுவினால் பெரும்பாலும் குணம் காணலாம். திரை எதனையுமே காட்டாவிடின் காதைத் தீட்டிக்கொள்க. பழைய தாய்ப்பலகைகள் ஒலியாற் பேசும். அவற்றுட் பலவற்றில், நீண்ட ஒலி ஒன்றும் குறுகிய ஒலிகள் இரண்டும் கேட்டால் வரைகலைப் பகுதியிற் கோளாறென்று பொருள்.

அயல்வீட்டுக் கணினியில் இவற்றைச் செய்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. ஆறியிருக்கும்போது இயக்கினால் பத்து நிமிடம் ஒழுங்காக ஓடுகிறது. பின்னர் கோடுகள் தோன்றித் திரை இருள்கிறது. சிறிது நேரம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் நாம் நோயை ஆராய்ந்து கொண்டிருக்கவில்லை. அவளுடைய குறிப்புகளையும் ஒப்படையையும் ஒரு பென் டிரைவிற் பிரதி செய்தோம். மருத்துவம் பிறகு, முதலில் உடைமை. பிரதி முடிந்ததென்ற செய்தியைக் கண்ட பின்னரே அப்பிள்ளை மூச்சு விட்டாள்.

வெப்பமேற நோய் ஏறுவதும், ஆற நோய் ஆறுவதும், பெட்டியைத் திறந்து பார் என்று சொல்லும் அடையாளங்கள். இங்கே சில எச்சரிக்கைகளைக் கண்டிப்புடன் கூற வேண்டியிருக்கிறது. ஆளியை மூடினாற் போதாது. மின்வடத்தைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ள வேண்டும். மின்வழங்கி என்னும் மூடிய பெட்டியை எக்காரணத்தைக் கொண்டும் திறத்தலாகாது. மின்வடத்தைப் பிடுங்கிய பின்னரும் அதனுள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். சிறுவர்கள் தனியே இவ்வேலையில் இறங்கக் கூடாது.

மூன்று வாரங்களுக்கு முன்னர் சரசுவதி பூசையன்று வைத்த சந்தனப் பொட்டு, அந்தக் கணினியின் நெற்றியிற் காய்ந்து கிடந்தது. பெட்டியின் வயிற்றைத் திறந்தோம். அங்கே தூசி கம்பளிபோற் படர்ந்திருந்தது. வரைகலை அட்டையின் விசிறியை விரலால் தள்ளினால் அரைச் சுற்றோடு நின்றது. நெற்றிக்குப் பொட்டு வைக்கும் நாம், ஆண்டுக்கொரு முறையேனும் வயிற்றைத் துடைத்துவிட்டால், கலைமகளும் மகிழ்வாள், கணினியும் பிழைக்கும்.

அட்டையைக் கழற்றும்போது பதற்றம் ஆகாது. அதைப் பிடித்திருக்கும் திருகாணியை எடுத்து, மின்வழங்கியிலிருந்து அட்டைக்கு வரும் செருகி இருப்பின் அதையும் விலக்கி, பொருத்துகுழியின் நுனியிலுள்ள சிறு கொளுவியை அழுத்திய பின்னரே நேராக மேலே தூக்க வேண்டும். மெல்லிய தூரிகையால் தூசியை அகற்றுக. காற்றுப் பம்பினால் ஊதுவதாயின் விசிறியை விரலாற் பிடித்துக்கொண்டு ஊதுக. பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை நன்றாகத் துடைத்துவிட வேண்டும். இறுகிய விசிறியின் அச்சில், தையல் யந்திரத்துக்கு இடும் எண்ணெய் ஒரு துளி போதும். இரண்டாவது துளி தூசிக்கு விருந்தாகும். சிப்புக்கும் வெப்பத் தகட்டுக்கும் இடையே பூசியிருக்கும் பசை, ஆண்டுகள் பல சென்றால் காய்ந்து வெடித்துவிடும். அதைத் துடைத்துவிட்டுப் புதுப் பசையைப் பயறளவு இட்டால் சூடு தணியும்.

இவ்வளவும் செய்து, அட்டையை மீண்டும் அழுத்திப் பொருத்தினோம். வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. அதிலே முன்னர் 97 பாகை செல்சியஸ் வரை சென்ற சூடு, இப்போது 71 பாகையில் நின்றது. பத்து நிமிடத்தில் இருண்ட திரை, இரவு பத்து மணிவரை இருளவில்லை. ஒப்படை உரிய நாளிற் பாடசாலைக்குச் சென்றது.

இதனோடு கதை முடிந்ததென்று எழுதினால் எமது கெட்டித்தனத்துக்கு நல்ல விளம்பரமாகும். ஆனால் அது உண்மையன்று.

மூன்று வாரங்கள் கழிந்த பின்னர், ஒருநாட் காலையில், கணினி ஆறியிருக்கும்போதே திரையில் வர்ணச் சதுரங்கள் தோன்றின. இலச்சினை வரும்போதே அவை இருந்தன. ஆகவே மென்பொருள் குற்றவாளியன்று. திரையும் வடமும் முன்னரே விடுதலை பெற்றவை. எஞ்சியவை இரண்டு: அட்டையும் மின்வழங்கியும்.

மின்வழங்கியை நாம் மறவாததற்கு ஒரு காரணமுண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர் எமது சொந்தக் கணினியில் இதே குறிகள் தோன்றியபோது, விசாரணை ஏதுமின்றிப் புதிய அட்டை ஒன்றை வாங்கிப் போட்டோம். குறிகள் போகவில்லை. உண்மையில் களைத்துப் போயிருந்தது மின்வழங்கி. பெரும்பாலான அட்டைகள் பொருத்துகுழியின் வழியே 75 வாற்று வரை பெறலாம். ஆறு முனைச் செருகி இருப்பின் மேலும் 75 வாற்று. முதுமையடைந்த மின்வழங்கி அவ்வளவு கொடுக்க இயலாமற் தடுமாறும்போது, பசித்த அட்டை நோயுற்ற அட்டைபோல் நடந்துகொள்ளும். அன்று நாம் செலுத்திய அபராதம் இன்றும் கசக்கிறது.

எனவே இம்முறை அந்த அட்டையை எமது கணினியிற் பொருத்திப் பார்த்தோம். அங்கேயும் அதே சதுரங்கள். எமது அட்டையை அவள் கணினியிற் பொருத்தினோம். திரை பளிச்சென்று தெரிந்தது. இதுவே இறுதிச் சாட்சி. இப்போதுதான் அட்டை பழுதென்று கூற எமக்கு உரிமை பிறந்தது. கடைக்காரரின் வார்த்தை ஈற்றிற் பலித்துவிட்டதே என்று வாசகர்கள் நகைக்கலாம். பலித்தது மெய்தான்; ஆனால் அவர் கூறிய பரிகாரம் சரியா என்பதை இன்னும் நாம் விசாரிக்கவில்லை.

இத்தகைய அட்டைகள் ஏன் இறக்கின்றன? சிப்பின் அடியில் நூற்றுக்கணக்கான நுண்ணிய பற்றாசுக் குமிழ்கள் உள்ளன. சூடேறும்போது விரிவதும் ஆறும்போது சுருங்குவதுமாக ஆண்டுகள் கழிய, அவற்றுள் ஒன்று வெடித்தாலும் இணைப்பு அறுந்துவிடும். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தனது மடிக்கணினிச் சிப்புகள் சிலவற்றைப் பொதிந்த பொருளில் இருந்த பலவீனத்தால் ஏற்படும் செலவை ஈடுசெய்ய 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. இன்னொரு காரணம் கொள்ளளவிகள். ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட பல தாய்ப்பலகைகளிலும் அட்டைகளிலும், உள்ளிருந்த திரவத்தின் குறைபாட்டால் அவை தலை வீங்கி வெடித்தன. தலை தட்டையாயிருக்க வேண்டிய அச்சிறு உருளைகள் குவிந்து தோன்றினால், தேர்ந்த ஒருவர் பற்றாசு வைத்து மாற்றிக் கொடுக்கலாம்.

எமது மருமகன் ஒருவன் இதற்கு விசித்திரமான வைத்தியம் ஒன்றைக் கூறினான். அட்டையைக் கேக் சுடும் அடுப்பில் வைத்துச் சுட்டால் பிழைத்துவிடுமாம்! உலகெங்கும் பலர் இவ்வாறு செய்ததுண்டு. சில அட்டைகள் சில நாட்கள் பிழைத்ததுமுண்டு. ஆனால் அது விளக்கு அணையுமுன் எழும் ஒளி போன்றது. அட்டையிலுள்ள பிளாஸ்திக்கும் இரசாயனப் பொருள்களும் புகைவதோடு, பழைய அட்டையாயின் பற்றாசில் ஈயமும் இருக்கக்கூடும். பிள்ளைகள் உண்ணும் பண்டத்தைச் சுடும் அடுப்பில் இதைச் செய்யலாகாதென்று மறுத்துவிட்டோம்.

பின் என்ன செய்வது? இந்த இடத்தில் யாவரும் மறந்துவிடும் ஒரு கேள்வி இருக்கிறது. இவ்வீட்டுக்கு அந்த அட்டை வேண்டுமா?

கணினியின் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். தாய்ப்பலகையிலேயே திரை வடத்துக்கான வாயில் ஒன்று தூசி மூடிக் கிடந்தது. அநேக கணினிகளில், மையச் செயலகத்துக்குள்ளேயே எளிய சித்திரக்காரன் ஒருவன் குடியிருக்கிறான். தனி அட்டை ஒன்று இருக்கும்வரை அவனை எவரும் அழைப்பதில்லை. எல்லாக் கணினிகளிலும் அவன் இருப்பதில்லையாதலால், வாயில் இருப்பதோடு செயலகத்தின் வகையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழுதான அட்டையைக் கழற்றிவிட்டு, வடத்தை அந்த வாயிலில் மாட்டி இயக்கினோம். திரை தெளிவாக எழுந்தது. குறிப்பெழுதவும், செய்நிரல் பயிலவும், வகுப்புக் காணொளி பார்க்கவும் அதுவே தாராளமாகப் போதும். பெரிய அட்டை தேவைப்பட்டது கார் ஓட்டும் விளையாட்டுக்கு மாத்திரமே. அதனால் அவளுடைய தம்பி மட்டும் இரண்டு நாள் துக்கம் அனுட்டித்தான்.

இருபத்தையாயிரம் ரூபா மிஞ்சியது. அதிற் சிறிதளவைக் கொண்டு, பாடக் குறிப்புகளைப் பிரதி செய்து வைக்க வெளி வன்தட்டு ஒன்றை வாங்குமாறு கூறினோம். மீதி, ஒதுக்கிய காரியத்துக்கே சென்றது: வகுப்புக் கட்டணம்.

வேறு அட்டை வாங்கியே தீரவேண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈத்தரியம் என்னும் இலக்கமுறை நாணயத்தைத் தோண்டும் தொழில், உலகெங்கும் இலட்சக்கணக்கான அட்டைகளை இரவு பகலாக உழைக்க வைத்தது. 2022 செப்டெம்பர் 15 இல் அந்நாணயத்தின் முறை மாறவே, உழைத்துக் களைத்த அட்டைகள் பல பழைய பொருட் சந்தைக்கு வந்து சேர்ந்தன. ஆதலால் பழைய அட்டையை வாங்குவோர், அரை மணி நேரமேனும் ஓடவிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். தமது மின்வழங்கி அதனைத் தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்ததை நம் நாட்டு மக்கள் மறந்திரார். மின்சாரம் போவதைவிட, மீண்டும் வரும்போது எழும் துள்ளலே கணினிக்குப் பகை. மின் தடைப்பட்டால் கணினியின் வடத்தைக் கழற்றிவிடுக. மின்சாரம் வந்து சிறிது நேரம் நிலைத்த பின் மாட்டுக. சித்திரையிலும் ஐப்பசியிலும் வானம் கறுக்குமுன்பே, இடி தொலைவில் இருக்கும்போதே, இதைச் செய்து முடித்துவிட வேண்டும்.

இறந்த அட்டையை வாழை மரத்தடியில் வீசுவதும் குப்பையோடு எரிப்பதும் தகாது. 2022 இல் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 62 மில்லியன் தொன் என்றும், அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவாகியது என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் நிறுவனங்கள் 2024 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதனை மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே அறம்.

அந்த அட்டை இப்போது எமது மேசையில் இருக்கிறது. கழிவு சேகரிக்கும் நாள் வருமுன், ஒருமுறை வகுப்பறைக்குக் கொண்டு சென்று மாணவருக்குக் காட்ட எண்ணியிருக்கிறோம். அட்டையைப் பற்றிக் கற்பிப்பதற்காக மட்டுமன்று. முதலில் உடைமையைக் காப்பாற்று. பின்னர் ஒவ்வொன்றாக விசாரி. குற்றம் நிரூபணமான பின்னரும், அப்பொருள் உனக்கு உண்மையிலேயே தேவையா என்று ஒருமுறை கேட்டுக்கொள். இவ்வளவையும் எமக்கு அந்த இறந்த அட்டை கற்பித்தது. அயல்வீட்டுப் பிள்ளை இதனை நன்கு கற்றுக்கொண்டாள் என்பதற்குச் சென்ற வாரம் சாட்சி கிடைத்தது. தகப்பனாரின் முச்சக்கர வண்டி காலையில் இயங்க மறுத்தபோது, “இயந்திரம் போய்விட்டது” என்று அவர் தலையிற் கை வைத்தாராம். அவளோ, “அப்பா, முதலில் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள்” என்றாளாம்.

எண்ணெய்தான் இருக்கவில்லை.